தலைப்பிரசவம் இல்லாத மலை

1

வருஷத்துக்கு ஒருமுறை, நான் இந்த நாட்டுக்குத் தேவைதானா என்று கொழும்பில் ஒருவர் உட்கார்ந்து யோசிக்கிறார். அவர் யோசிப்பதற்கு வசதியாக நானும் போய் எதிரே உட்கார வேண்டும். ராகலையில் விடிவதற்கு முன் பஸ் ஏறி, நுவரெலியாவில் இறங்கி வேறு பஸ் மாறி, நானுஓயாவில் ரயிலைப் பிடித்துக் கொழும்பு போய்ச் சேர்வதற்குள் அந்தச் சந்தேகம் எனக்கே வந்துவிடும்.

நான் இங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருத்துவச்சி. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் படித்துத் தேறி, இலங்கையில் வாத்தியார் வேலை பார்த்தவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. இன்னும் எங்களிடம் இருப்பது தற்காலிக வசிப்பு அனுமதிதான். 'தற்காலிகம்' என்ற சொல்லை இவ்வளவு தூரம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் எங்களைத் தவிர உலகத்தில் வேறு யாராவது உண்டா தெரியவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் என் கணவர் பார்த்த வேலையை இந்த நாட்டுப் பிரஜை ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அது முதல் அவர் என் பர்மிட்டில் 'சார்ந்திருப்பவர்' என்ற இடத்தில் இருக்கிறார். கல்யாணம் பேசியபோது என் மாமனார் வாங்கிக்கொண்ட உறுதிமொழிகளில் இது இல்லை.

இந்தத் தடவை எதிரே இருந்த அதிகாரி மிகவும் மரியாதை தெரிந்தவர். நாற்காலி போடச் சொன்னார். இத்தனை வருஷத்தில் இந்த வேலைக்கு இந்நாட்டுப் பெண் ஒருத்தி கூடவா கிடைக்கவில்லை என்று இங்கிலீஷில் கேட்டார். கிடைத்தார்கள், மழைக்காலம் வந்ததும் போய்விட்டார்கள் என்றேன். அவர் சிரித்தார். சிரித்தபடியே ஒரு வருஷம் எழுதிக் கொடுத்தார். ஒரு நிபந்தனையும் கூடவே எழுதினார்: பயிற்சி ஆஸ்பத்திரி ஒரு மாணவியை அனுப்பும், அவளை நான் பயிற்றித் தேறவைக்க வேண்டும், அவள் தேறியதும் என் இடம் அவளுக்கு. அதற்கப்புறம் நான் நிம்மதியாக ஊருக்குப் போகலாம் என்றார். நிம்மதி என்பது உத்தரவில் இல்லை. அதை அவரே பிரியத்தில் சேர்த்துக்கொண்டார்.

2

அந்த மாணவியின் பெயர் தவமணி. பருத்தித்துறைப் பக்கத்துப் பெண். ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை, பனங்கட்டிப் பொட்டலம் ஒன்று ஆகியவற்றோடு வந்து இறங்கினாள். வந்த அன்றே தும்மத் தொடங்கியவள் ஒரு மாதத்துக்கு நிறுத்தவில்லை. கடலோரத்து வெயிலில் வளர்ந்தவளை எங்கள் மூடுபனிக்குள் அனுப்பினால் வேறென்ன நடக்கும்?

எங்கள் வீட்டிலேயே தங்கினாள். எங்கள் மகள் நுவரெலியா கான்வென்ட் விடுதியில் இருப்பதால் அவளுடைய கட்டில் காலியாகக் கிடந்தது. மகள் எங்களுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுகிறாள், தோழிகளோடு சிங்களத்தில் சண்டை போடுகிறாள். மன்னார்குடியைப் பற்றி எழுதும்போது 'உங்கள் ஊர்' என்கிறாள். தமிழில் எழுது என்று நான் கண்டித்து எழுதினால், என் தமிழில் இலங்கை வாடை அடிக்கிறது என்று ஊரிலிருந்து என் தம்பி கண்டித்து எழுதுகிறான்.

தவமணியின் தமிழும், தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துத் தமிழும் முதலில் ஒன்றையொன்று வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றன. அவள் ஒரு பெண்ணிடம் ஏதாவது கேட்டால், அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "சின்ன மிஸ்ஸி என்னங்கம்மா சொல்றாங்க?" என்பாள். மருத்துவச்சியை இங்கே மிஸ்ஸி என்பார்கள். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் உத்தியோகத்தோடு சேர்ந்துகொண்டது. அதற்கென்று தனிச் சம்பளம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வந்த வாரத்திலேயே அவள் தன் நிலைமையை ஒளிக்காமல் சொன்னாள். தேறாவிட்டால் அப்பா திரும்ப அனுப்பமாட்டார். ஊரில் மச்சான் ஒருவர் சுருட்டுக்கொட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். "அவர் நல்லவர்தான் மிஸ்ஸி," என்றாள். "ஆனா எனக்கு இந்த வேலைதான் வேணும்."

ஆக, கணக்கு எளிமையானது. அவள் தேறினால் நான் ஊருக்குப் போக வேண்டும். தேறாவிட்டால் அவள் ஊருக்குப் போக வேண்டும். இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தோம்.

3

நான் தஞ்சாவூரில் படித்த கதையைச் சொல்ல வேண்டும். அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் கைராசிக்காரர். எந்தப் பிரசவமானாலும் முதல் பாதியை எங்களிடம் விடுவார். நெருக்கடி என்று ஒன்று தலைகாட்டியதும் அவருடைய முழங்கை வந்து எங்களை ஓரங்கட்டும். அதன் பிறகு நாங்கள் பார்த்ததெல்லாம் அவருடைய முதுகைத்தான். அகலமான, நம்பிக்கையூட்டும் முதுகு. பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினேன். வேலைக்குச் சேர்ந்து முதன்முதலாகத் தனியாக ஒரு பிரசவத்துக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது, நான் படித்தது பிரசவத்தை அல்ல, ஒரு முதுகை என்று. அன்று தாயும் பிள்ளையும் பிழைத்ததற்கு நான் எந்தப் பெருமையும் கோருவதில்லை.

அதனால் தவமணியிடம் என் முதுகைக் காட்டுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். சொல்வது சுலபம். இருபது வருஷம் பழகிய கைகளுக்கு ஒரு பிரசவ அறையில் சும்மா இருக்கத் தெரியாது.

அவளைச் சோதிக்கப் போகும் பயிற்சி ஆஸ்பத்திரிச் சிஸ்டரும் இதே கொள்கைக்காரர். அவர் அனுப்பிய விதிகள் சுருக்கமானவை. மாணவி பல பிரசவங்களைப் பார்க்கலாம், ஆனால் ஒரு தலைப்பிரசவத்தை மட்டும் முழுதாகப் பார்க்க வேண்டும். நாலாம் மாதத்தில் தாயைப் பதிந்து, மாதாமாதம் சோதித்து, பிள்ளையைத் தானே எடுத்து, பத்தாம் நாள் வரை போய்ப் பார்க்க வேண்டும். மேற்பார்வை செய்யும் மருத்துவச்சி கூடவே இருக்க வேண்டும். ஆனால் அவள் கை தாய்மேலோ பிள்ளைமேலோ பட்டால் அது மாணவியின் பிரசவம் ஆகாது.

நான் அஞ்சலையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். மேட்டு லயத்துப் பெண், கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி, திடமான உடம்பு, சிரித்த முகம். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இதைவிட நல்ல தலைப்பிள்ளைக்காரி எந்த மாணவிக்கும் கிடைக்கமாட்டாள் என்று தவமணியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

4

ஏழாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேட்டு லயத்திலிருந்து எங்களுக்கு வெற்றிலை பாக்கு வந்தது. அஞ்சலைக்கு வளைகாப்பு. நாங்கள் இருவரும் போய் வளையல் பூட்டினோம், சந்தனம் பூசினோம், புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் சாப்பிட்டோம். சாப்பிட்டுக் கை கழுவும்போது வாசலில் அஞ்சலையின் துணிமூட்டை கட்டி வைத்திருப்பதைத் தவமணி பார்த்தாள்.

"மிஸ்ஸி, இவ எங்க போறா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்குப் போவாள். தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு இதை யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டுமா? எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. காரணம் உண்டு. எங்கள் தோட்டத்து மருமகள்கள் ஏழாம் மாதத்தில் வேறு தோட்டத்துக்குப் போகிறார்கள். அதே சமயம் எங்கள் தோட்டத்தில் பிறந்த பெண்கள் வேறு தோட்டங்களிலிருந்து இங்கே வந்து சேர்கிறார்கள். போவதும் வருவதும் சரியாக இருந்ததால் எனக்கு வேலை குறைந்ததே இல்லை. குறையாத ஒன்றை யார் கவனிக்கிறார்கள்?

தவமணிக்குத் தெரியாததற்கும் நியாயம் இருந்தது. "எங்கட பக்கம் பொம்பிளை தாய் வீட்டோடதானே இருப்பா," என்றாள் திகைத்துப்போய். "மாப்பிளைதானே அங்க வந்து சேருறவர். பிறகு எங்க போறது?"

வீட்டுக்கு வந்து விதிகளை மறுபடி படித்தோம். படிக்கப் படிக்க நிலைமை இன்னும் அழகாகியது. இங்கே நாலாம் மாதத்தில் பதிந்த தலைப்பிள்ளைக்காரி எவளும் இங்கே பெறமாட்டாள். இங்கே பெறுகிற தலைப்பிள்ளைக்காரி எவளையும் நாலாம் மாதத்தில் நாங்கள் பதிந்திருக்க முடியாது. பக்கத்துத் தோட்டத்திலும் இதே கதை, அதற்கடுத்த தோட்டத்திலும் இதே கதை. ஆஸ்பத்திரி விதியின்படி பார்த்தால் இந்த மலை முழுவதிலும் தலைப்பிரசவம் என்ற ஒன்று நடப்பதே இல்லை. பெண்கள் எல்லாரும் நேராக இரண்டாவது பிள்ளையைத்தான் பெறுகிறார்கள்.

மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடுவதற்கு முன்பே தவமணி மேட்டு லயத்துக்குப் போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன். அஞ்சலையிடம், இங்கேயே இருந்து பெறக்கூடாதா, ஒரு குறையும் இல்லாமல் தான் பார்த்துக்கொள்வதாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அஞ்சலை மாமியார் காதில் விழாதபடி அவளைக் காம்பிரா என்கிற அந்த ஒற்றை அறைக்கு வெளியே கூட்டிவந்தாள்.

"ஒங்க மேல நம்பிக்கை இல்லாம இல்லைங்க சின்ன மிஸ்ஸி. எங்கம்மா முன்னால நான் எவ்வளவு வேணா கத்தலாம். மாமியா முன்னால கத்துனா, தண்ணி புடிக்கிற பீலியில நாளைக்கு என் பேச்சுத்தான் ஓடும். வலியையும் பாத்துக்கிட்டு, வாயையும் பொத்திக்கிட்டு இருக்க முடியுங்களா?"

என் மகள் பிறந்தபோது அம்மா மன்னார்குடியிலிருந்து எழுதிக் கூப்பிட்டாள். போனால் திரும்பி உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்ற பயத்தில் நான் போகவில்லை. மாமியாரும் பக்கத்தில் இல்லை, அம்மாவும் இல்லை. யாரை உத்தேசித்துக் கத்துவது என்று தெரியாமல் மரியாதையாகப் பெற்றுக்கொண்டேன். பார்க்க வந்த தோட்டத்து டாக்டரையா, படித்த பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லிப் புகழ்ந்தார்.

திரும்பி வரும் வழியில் தவமணி, "அவ போகட்டும் மிஸ்ஸி. நாங்கள் பின்னால போவம்," என்றாள்.

5

அஞ்சலையின் தாய் வீடு உடப்புசல்லாவைப் பக்கத்தில் வேறு கம்பனித் தோட்டம். அங்கே மருத்துவச்சி வேலை வெகுநாளாகக் காலி. அதனால் போட்டி இல்லை. ஆனால் அனுமதி வேண்டும். ஒரு தோட்டத்து ஆள் இன்னொரு தோட்டத்துக்குள் காரணமில்லாமல் நுழைவது, இந்த மலைகளில், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போவதைவிடக் கொஞ்சம்தான் சுலபம்.

முதலில் தோட்டத்தை நிர்வகிக்கும் எங்கள் துரையிடம் போனேன். அவர் ஸ்காட்லாந்துக்காரர். அவரும் ஊரைவிட்டு வந்தவர்தான், ஆனால் அவரைப் பற்றி யாரும் வருஷாவருஷம் உட்கார்ந்து யோசிப்பதாகத் தெரியவில்லை. கதையைக் கேட்டவர், ஒரு பெண் போனால் எனக்கு வேலை குறையும், பின்னாலேயே போய் அதைக் கூட்டிக்கொள்ள நினைக்கிறேனே, ஏன் என்று கேட்டார். பரீட்சை என்றேன். யாருக்கு என்றார். எனக்குத்தான் என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

அந்தத் தோட்டத்துத் துரை சிங்களவர், இளைஞர், சந்தேகப் பிராணி. வெளியாட்கள் லயத்துக்குள் வந்தால் தொழிற்சங்கத்து ஆட்களாகத்தான் இருக்கும் என்பது அவருடைய அனுபவம். எங்கள் பையைத் திறந்து காட்டச் சொன்னார். கத்தரிக்கோல், நூல், சோப்பு, வெள்ளைத் துணி. இவற்றை வைத்துக்கொண்டு வேலைநிறுத்தம் நடத்த முடியாது என்று திருப்தியடைந்து, மாதச் சோதனைக்கு வரலாம், வலி கண்டதும் வரலாம், பத்து நாள் வரை வந்து பார்க்கலாம் என்று கையெழுத்துப் போட்டார். அவருக்கு என் சிங்களத்தில் நன்றி சொன்னேன். அவர் உடனே இங்கிலீஷுக்கு மாறினார். என் சிங்களம் எப்போதும் இந்தச் சேவையைச் செய்யும்.

மாதச் சோதனைகளுக்குத் தவமணி தவறாமல் போய்வந்தாள். போகும்போதெல்லாம் அஞ்சலையின் அம்மா மூக்காயி அவளை வாசலிலேயே நிறுத்தி வைத்து, கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிரசவத்தைப் பற்றி என்ன தெரியும் என்று விசாரித்தாளாம். பிறகு உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தாளாம். இரண்டுமே ஒவ்வொரு தடவையும் நடந்ததாம்.

6

அஞ்சலைக்கு வலி கண்டுவிட்டது என்று ஆள் வந்தது ஒரு நாள் காலையில். ராகலைக் கடைத்தெருவில் மரக்கறி வியாபாரம் செய்யும் காசிம் நானாவின் லாரி அந்தப் பக்கம் போகிற நாள். முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு முன்னால், டிரைவருக்கும் கதவுக்கும் நடுவில், எங்கள் இரண்டு பேரையும் திணித்துக்கொண்டார்கள். தவமணி வழியெல்லாம் உதடு அசையப் பாடத்தைச் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒரு யோசனையும் ஓடவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பப்போவதில்லை, நானும் எழுதவில்லை.

காம்பிராவுக்குள் அடுப்புப் புகை. ஆண்கள் எல்லாரையும் வெளியே விரட்டியிருந்தார்கள். சுவரோரம் பாயில் அஞ்சலை, தலைமாட்டில் மூக்காயி. எனக்கு ஒரு கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் போட்டார்கள். மூக்காயி என்னைப் பார்த்து, "நீங்க பாக்கலையாம்மா?" என்றாள். நான் பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன்.

அஞ்சலை சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அவள் போட்ட சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. மாமியாரை, புருஷனை, கங்காணியை, கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளையை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டு அவரவருக்கு உரியதைக் கொடுத்தாள். மூக்காயி அவள் நெற்றியைத் துடைத்துவிட்டு, "கத்துடி, நல்லாக் கத்து," என்றாள். தவமணியும், "ஓம், கத்துங்கோ, கத்துங்கோ," என்றாள். முதல் தடவையாக அவள் பேசியதற்கு யாரும் என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை.

தலை வந்தது. தவமணி விரலைக் குழந்தையின் கழுத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே நின்றாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

கொடி கழுத்தைச் சுற்றியிருக்கிறது. அவள் முகமே சொல்லிவிட்டது.

என் கை எழுந்தது. அது என்னைக் கேட்டுக்கொண்டு எழவில்லை. ஒரு கணத்தில் முடிகிற வேலை. நான் குனிந்து அதைச் செய்திருந்தால் யாரும் ஒரு சொல் சொல்லியிருக்கமாட்டார்கள். அனுபவசாலியின் எச்சரிக்கை என்று அதற்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும், மூக்காயி என் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பாள். தவமணி பருத்தித்துறைக்குப் போயிருப்பாள். எனக்கு இன்னொரு வருஷம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். இவ்வளவும் ஒரு நல்ல காரியத்தின் உருவத்தில் வந்து என் முன்னால் நின்றன. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவள் முகத்தை மறுபடி பார்த்தேன். அதில் கலவரம் இருந்தது, ஆனால் தெரியாத கலவரம் அல்ல. என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், செய்யலாமா என்றுதான் கேட்கிறாள். நான் இரண்டு கைகளையும் கூடைக்கும் எனக்கும் நடுவில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்தேன். "ஒன் கைதான்," என்றேன். "செய்."

விரலை வளைத்துக் கொடியைத் தளர்த்தினாள். தலைக்கு மேலாக, சட்டையைக் கழற்றுவதுபோல, மெதுவாக எடுத்துவிட்டாள். அடுத்த வலியில் பிள்ளை முழுதாக அவள் கைக்கு வந்தது. பெண். நீலம் பாரித்துச் சத்தமில்லாமல் கிடந்தது. தவமணி துணியால் முதுகைத் தேய்த்தாள், வாயைத் துடைத்தாள், மறுபடி தேய்த்தாள். மூக்காயி என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காததுபோல இருந்தேன். அப்புறம் பிள்ளை தன் அம்மா விட்ட இடத்திலிருந்து கத்தத் தொடங்கியது.

எனக்கு இரண்டு கைகளும் மரத்துப்போயிருந்தன. கூடையின் பின்னல் உள்ளங்கைகளில் பதிந்திருந்தது. மூக்காயி எனக்குத் தேத்தண்ணீர் நீட்டினாள். பிடிக்க முடியாமல் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். ஒன்றுமே செய்யாதவளுக்கு இவ்வளவு களைப்பா என்று அவள் நினைத்திருக்கலாம்.

7

பத்து நாளும் தவமணி போய்வந்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். பயிற்சி ஆஸ்பத்திரியில் சிஸ்டர் அவளை அரைநாள் உட்கார வைத்துக் கேள்வி கேட்டாராம். கடைசியில், கழுத்தில் கொடி இருந்தபோது மேற்பார்வை மருத்துவச்சி என்ன செய்தாள் என்றும் கேட்டாராம். "இருந்தவ," என்று சொன்னாளாம்; அவர்கள் பேச்சில் உட்கார்ந்திருந்தாள் என்று அர்த்தம். தேறிவிட்டாள். போன மாதம் நியமன உத்தரவு வந்தது. எங்கள் தோட்டம், என் இடம்.

பள்ளித் தவணை முடியும் வரை எங்களுக்கு அவகாசம் கிடைத்திருக்கிறது. மன்னார்குடியில் கான்வென்ட் இருக்கிறதா, அங்கே ஸ்வெட்டர் தேவைப்படுமா என்று மகள் இங்கிலீஷில் கேட்டு எழுதியிருக்கிறாள். என் கணவர் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்குகிறார், அடுக்கும்போது ஒவ்வொன்றையும் திறந்து படிக்கிறார், ஆகையால் பெட்டி நிறைய மாட்டேன் என்கிறது. ஊரில் வீடு தம்பியிடம் இருக்கிறது. வந்தால் மாடி அறையை ஒழித்துத் தருவதாக எழுதியிருக்கிறான். எவ்வளவு நாளைக்கு என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நேற்றுப் பிற்பகல் நல்ல மூடுபனி. வாசலில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பள்ளத்து லயத்திலிருந்து ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். அவனுடைய மூத்த பிள்ளைகள் இரண்டு பேரையும் நான்தான் எடுத்தேன். முறத்தை வைத்துவிட்டு எழுந்து செருப்பைத் தேடினேன்.

"நீங்க உக்காருங்கம்மா," என்றான் அவன். "சின்ன மிஸ்ஸி இருக்காங்களா?"

தவமணி அதற்குள் பையோடு வெளியே வந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். படிக்கட்டில் பாசி, பார்த்துப் போ என்றேன். "ஓம் மிஸ்ஸி," என்று சொல்லிவிட்டு அவன் பின்னால் இறங்கினாள். கொஞ்ச தூரத்தில் பனி இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டது.

உள்ளேயிருந்து என் கணவர், யார் வந்தது என்று கேட்டார்.

தவமணியைக் கூப்பிட வந்தார்கள் என்றேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பெருமை போக மீதி என்ன என்று அவர் கேட்கவில்லை.